அன்னத்தின் கழுத்து

காபியின் மேல் பாலை ஊற்றியே படம் வரைவதற்கு லாட்டே ஆர்ட் என்று பெயர். ஏழு மாசமாக நான் அப்படி ஊற்றிய அன்னங்களுக்குக் கழுத்து ஒழுங்காக வரவில்லை. இறக்கை வரும், வரிவரியாக அழகாகவே வரும். கழுத்தை இழுக்கிற நேரத்தில் பால் திட்டுத் திட்டாக விழுந்து எல்லாம் கலைந்துவிடும். கடை மூடின பிறகு தினமும் ஒரு மணி நேரம் நின்று பழகியும் இதே கதைதான்.

அன்னம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். கப்பைச் சாய்த்துப் பிடித்து, முதலில் கொஞ்சம் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாகப் பாலை விடவேண்டும். உயரத்திலிருந்து விழுகிற பால், காபியின் மேல் படிந்திருக்கும் பழுப்பு நுரையான கிரீமாவைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்விடும், மேற்பரப்பு பழுப்பாகவே இருக்கும். கப் பாதிக்கு மேல் நிரம்பியதும் ஜக்கின் மூக்கைப் பரப்பை ஒட்டி இறக்கினால், நுரை மூழ்காமல் வெள்ளையாக மிதக்க ஆரம்பிக்கும். அங்கே மணிக்கட்டை இடமும் வலமும் சன்னமாக ஆட்டிக்கொண்டே பின்னால் வந்தால் இலை அடுக்கு விழும். அதன் நடுவே கோடு இழுத்தால் ரோசெட்டா, ஓரமாக இழுத்தால் இறக்கை. இறக்கையின் அடியில் ஒரு பொட்டு வைத்து, அங்கிருந்து நூல் மாதிரி மேலே இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, குட்டி ஹார்ட்டாக முடித்தால் கழுத்தும் தலையும்.

கையில்தான் கோளாறு என்று நினைத்தேன். பாலை வீணாக்க மனசு வராமல், ஜக்கில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஸ்டீம் செய்து பழகினேன். கப்பின் அடியில் இருக்கவேண்டிய கெட்டிக் காபியான எஸ்பிரெசோவுக்குப் பதிலாக வெந்நீரில் கரைத்த கோகோ பவுடர். பாலிலிருந்து நீரைப் பிரித்துவிடும் அன்னம் என்று சின்ன வயசில் படித்திருக்கிறோமே, அந்த அன்னத்தை நான் பழகியது பாலே இல்லாத நீரில். சோப்புத் தண்ணீர் சிலதைச் சொல்லிக்கொடுக்கும். நீராவி வரும் குழாயான ஸ்டீம் வாண்டை எவ்வளவு ஆழத்தில் வைக்கவேண்டும், எந்தக் கோணத்தில் பிடித்தால் ஜக்குக்குள் சுழல் உண்டாகிறது என்பதெல்லாம் அதிலேயே பிடிபடும். ஆனால் பால் எப்படிக் கனக்கிறது, எப்படி இழுபடுகிறது என்பதை அது காட்டாது.

உண்மையைக் காட்டியது போன். நல்ல அன்னம் ஒன்று வந்தால் நண்பர்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு ராத்திரி ஸ்லோ மோஷனில் படம் பிடித்தேன். கழுத்து வழக்கம்போல உடைந்தது. மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். கை ஆடவே இல்லை. ஜக்கின் மூக்கில் பால் தாரையாக வராமல் உருண்டு, தொங்கி, பிறகு விழுகிறது. ஏழெட்டுத் தடவை பார்த்தபிறகுதான் உறைத்தது. கழுத்தை வரைவது ஜக்கில் மிஞ்சியிருக்கிற கடைசிப் பாலை வைத்து. ஸ்டீம் செய்த பாலில் நுரை நொடிக்கு நொடி மேலே ஏறிக்கொண்டிருக்கும். முதலில் ஊற்றுவது நீர்த்த பால், கடைசியில் வருவதில் நுரைதான் அதிகம். நான் காற்றைக் கூடுதலாக ஏற்றியிருக்கிறேன். இறக்கை அதைத் தாங்கிக்கொண்டது, நூல் மாதிரியான கழுத்தால் தாங்க முடியவில்லை.

அப்புறம் நான் கழுத்தை விட்டுவிட்டுப் பாலைக் கவனித்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, நன்றாகக் குளிர்ந்த பால். வாண்டின் நுனி பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க, ‘ச்சு... ச்சு...’ என்று சன்னமான சத்தம். ஜக் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகும் முன்பே காற்று ஏற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வாண்டைச் சற்று இறக்கி, சுழல மட்டும் விடுவது. 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வந்ததும் நிறுத்திவிடுவேன். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய், காய்ச்சின வாடை வந்துவிடும். சரியாக வந்த பால், ஈரம் காயாத பெயிண்ட் மாதிரி மினுங்கும், கண்ணுக்கு ஒரு குமிழிகூடத் தெரியாது. ஊற்றுகிற கணம் வரைக்கும் ஜக்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும், கீழே வைத்துவிட்டு கப்பைத் தேடினால் அவ்வளவுதான். நான் காற்று ஏற்றுவதை இரண்டு விநாடி குறைத்தேன். அந்த வாரமே கழுத்து நின்றது.

அந்தத் தெம்பில்தான் த்ரோடவுனுக்குப் போனேன். காபிக்கடைகளில் காபி போடும் பாரிஸ்டாக்கள் வேலை முடிந்து ஒன்றுகூடி, இருவர் இருவராக ஊற்றிக் காட்டுகிற ராத்திரி அது. இரண்டு கப்பையும் நடுவர்கள் முன்னால் வைப்பார்கள், எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று எண்ணினதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரலை நீட்டுவார்கள். நான் அன்னம் ஊற்றினேன். கழுத்து, தலை எல்லாம் இருந்தது. எதிரில் நின்ற பெண் ஊற்றியது வெறும் ஹார்ட். மூன்று விரலும் ஹார்ட்டின் பக்கம் நீண்டன.

முகம் சுட்டது. ஆனால் குனிந்து பார்த்தபோது நானே நடுவராக இருந்திருந்தாலும் அதைத்தான் காட்டியிருப்பேன். கப்பின் நட்டநடுவே உட்கார்ந்திருந்தது. வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே கத்தியால் கீறின மாதிரி எல்லை. என் அன்னத்தின் இறக்கை ஓரமெல்லாம் மங்கலாகப் பழுப்பேறியிருந்தது, கப்பின் ஒரு பக்கமாகவும் ஒதுங்கியிருந்தது. கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றது எதுவும் என் கண்ணில் படவில்லை.

சியாட்டிலின் டேவிட் ஷோமர்தான் அமெரிக்காவில் லாட்டே ஆர்ட்டைப் பரப்பியவர். அவர் கடையில் ஹார்ட் 1989-க்குள் நிலைபெற்றது. ரோசெட்டா வந்தது 1992-இல், இத்தாலியக் காபிக்கடை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்துப் பழகியது. நடுவில் மூன்று வருஷம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் இதைத்தான் நினைத்துக்கொண்டே நடந்தேன்.

2005-இலிருந்து நடக்கிற உலக லாட்டே ஆர்ட் போட்டியில் ஒரு டிசைனை ஒரு தடவை ஊற்றிக்காட்டினால் போதாது. அதையே இரண்டு கப்பில், அச்சு அசலாக ஊற்றவேண்டும். முதல் கப் தற்செயலாகக்கூட வந்துவிடும், இரண்டாவது அப்படி வராது. இன்ஸ்டாகிராமில் நாங்கள் போடுகிற ஒற்றை கப் படங்களை இப்போதும் ஆசையாகத்தான் பார்க்கிறேன், கண் மட்டும் பக்கத்தில் இன்னொரு கப்பைத் தேடுகிறது. (ஊசியால் கீறி, சாக்லேட் சாஸ் விட்டுக் கரடியும் பூனையும் வரைவதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அதை முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. குடிக்கிறவருக்குக் காபிதானே முதலில்.)

இப்போது நான் ஜோடியாகத்தான் பழகுகிறேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனையும் அப்படியே பழக்குகிறேன். வந்த அன்றைக்கே அன்னம் கேட்டான். மூன்று வாரமாக ஹார்ட் மட்டும்தான் போடுகிறான்.

நேற்று ராத்திரி இரண்டு கப்பை ஊற்றி, இரண்டின் பிடியும் வலப்பக்கம் இருக்கும்படி வரிசையாக வைத்து, “அண்ணா, பாருங்கண்ணா” என்றான். குனிந்து பார்த்தேன். அளவு ஒன்று, எல்லை சுத்தம். இடது கப்பில் மட்டும் ஹார்ட்டின் நுனி ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே அதைத் தொட்டுக் காட்டினான்.

“முடிக்கும்போது ஜக்கைத் தூக்காம இழுத்துட்டேன்ணா. இன்னொரு ஜோடி போடட்டுமா?”

“போடு” என்று சொல்லி, எனக்கும் ஒரு ஜக்கில் பால் எடுத்துக்கொண்டேன்.