61 கட்டையில் பீத்தோவன்

எனக்கு பியானோ வாசிக்கத் தெரியாது. வீட்டில் இருப்பது பெண்ணுக்காக வாங்கிய 61 கட்டை கீபோர்டு. அவள் நாலு மாதத்தில் கராத்தேவுக்கு மாறிவிட்டாள், அது அலமாரி மேலே ஏறிவிட்டது. ஜனவரியில் அதை இறக்கித் துடைத்து ஒரு திட்டம் போட்டேன். பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (சில பகுதிகளாக அமைந்த தனி வாத்தியப் படைப்புகள்) வரிசையாகக் கேட்பது. முதலில் சும்மா, அடுத்து ஸ்கோரை, அதாவது இசையைக் குறியீடாக எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டு, கடைசியாக ஒரு பக்கமாவது கட்டையில் தட்டிப் பார்ப்பது. கேட்க வில்ஹெல்ம் கெம்ப் 1964-65இல் செய்த ஸ்டீரியோ பதிவுகள். ஸ்கோர் எல்லாம் காப்புரிமை முடிந்தவை, ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொண்டேன்.

முதல் இரண்டு வாரம் படு தோல்வி. முதல் சொனாட்டாவின் கடைசிப் பகுதியில் கெம்ப் ஓடுகிற ஓட்டத்துக்கு, நான் ஒரு வரி பின்தங்கி, அப்புறம் பக்கமே தவறி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தேன். பொடி நோட்டுகளை ஒன்றுவிடாமல் படிக்கப் பார்த்ததுதான் தப்பு. இடது கையை மட்டும், அதிலும் ஒவ்வொரு பாரின் (ஸ்கோரில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டத்தின்) முதல் நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் வண்டி ஓடுகிறது. தாளம் போட்டுக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகவே வரும்.

ஏழாவது சொனாட்டாவில் (ஓபஸ் 10, எண் 3) ஒரு விஷயம் சிக்கியது. முதல் பகுதியின் ஆரம்பத்திலேயே வலது கை ஸ்தாயி ஜோடிகளாக, அதாவது ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்துத் தட்டியபடி, மேலே ஏறிக்கொண்டே போகிறது. உச்சிக்கு வரும்போது மேல் எஃப் ஷார்ப் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, ஜோடியில் கீழ் நோட்டு மட்டும் நிற்கிறது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிழை இல்லை. 1798இல் இது வெளிவந்தபோது வியன்னாவில் வழக்கமாக இருந்த பியானோ எஃப்பில் தொடங்கி ஐந்து ஸ்தாயி தாண்டி எஃப்பிலேயே முடிந்துவிடும். அதற்கு அடுத்த கட்டையே கிடையாது. இன்றைய பியானோவில் இருக்கிறதே என்று சிலர் அந்த நோட்டைச் சேர்த்து வாசிக்கிறார்கள். எனக்கென்னவோ சேர்க்காததுதான் பிடிக்கிறது.

எஃப் முதல் எஃப் வரை எத்தனை கட்டை என்று எண்ணிப் பார்த்தேன். 61! அலமாரி மேலே தூங்கியதும் அதே எண்ணிக்கைதான், என்ன, என்னுடையது சி-யில் தொடங்குகிறது. அன்றிலிருந்து அந்தக் கீபோர்டு மேல் எனக்குத் தனி மரியாதை.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது மூன்லைட் சொனாட்டாவில் புரிந்தது. முதல் பாரில் இடது கைக்குக் கீழே இருக்கும் சி ஷார்ப் என் கீபோர்டில் கடைசிக்கு முந்தின கட்டை. இரண்டாவது பாரிலேயே விரல் வெளியே விழுந்துவிட்டது. கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ஸ்தாயி நகர்த்தும் ஆக்டேவ் பட்டனை ஒரு படி இறக்கிச் சமாளித்தேன். இந்தப் பகுதியின் தலையில் பீத்தோவன் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: முழுவதையும் மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும். டாம்பர் என்பது தந்தியின் மேல் அமர்ந்து ஒலியை நிறுத்தும் சிறு மரத்துண்டு. அதைத் தூக்கியே வைத்திரு என்கிறார், அதாவது அதைத் தூக்கும் கால் பெடலை விடாதே. சரி என்று மிதித்தபடியே தட்டினேன். முதல் இரண்டு பார் சொர்க்கம். மூன்றாவதில் ஏ, எஃப் ஷார்ப் என்று அடிநோட்டுகள் மாறியதும் சாம்பாரும் ரசமும் ஒரே கிண்ணத்தில். என் பெடல் வெறும் சுவிட்ச், பாதி மிதிக்கவும் வழியில்லை.

அப்போதுதான் கெம்ப்பைச் சற்று ஒதுக்கிவிட்டு ரொனால்ட் பிராவ்டிகாமைக் கேட்டேன். பழைய பியானோக்களின் நகல்களில் வாசித்தவர். அந்த வாத்தியத்தில் நோட்டு எழும்பிச் சீக்கிரமே அடங்குகிறது. ஒன்றன் மேல் ஒன்று படிந்தாலும் கலங்கலாகாமல் மெல்லிய மூட்டமாக நிற்கிறது. பீத்தோவன் பைத்தியக்காரத்தனமாக எதுவும் எழுதவில்லை. ஆண்ட்ராஸ் ஷிஃப் இன்றைய பியானோவிலேயே பெடலை எடுக்காமல் வாசித்திருக்கிறார். வேகமும் மற்றவர்களைவிடக் கூடுதல். ஸ்கோரில் இருப்பது பாருக்கு இரண்டு எண்ணிக்கை, நாங்கள் எல்லோரும் கேட்டுப் பழகியதோ நாலு எண்ணிக்கைத் தாலாட்டு.

இருபதாவது சொனாட்டா வரை பெரும்பாலும் அந்த மேல் எஃப்பைத் தாண்டுவதில்லை. 1803இல் பாரிஸிலிருந்து எரார் பியானோ பீத்தோவன் கைக்கு வருகிறது, மேலே சி வரை உண்டு. உடனே வால்ட்ஸ்டைன் சொனாட்டாவில் வேலி தாண்டுகிறார். அதன் கடைசியில் ஸ்தாயி ஜோடியாக விரலை இழுத்துச் சறுக்கும் இடம் ஒன்று வருகிறது. கனமான இன்றைய கட்டைகளில் அது பெரிய வித்தை, என் பிளாஸ்டிக் கட்டையில் நானே சறுக்கிவிட்டேன்! சுண்டுவிரல் தோல் உரிந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அப்பாஷனாட்டா சொனாட்டாவிலோ அந்த வாத்தியத்தின் அடி எஃப்பிலிருந்து உச்சி சி வரை ஒரு முனையையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போது 29இல் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாமர்கிளாவியர். முதல் பகுதிக்கு பீத்தோவன் போட்ட மெட்ரோனோம் எண் (வேகக் குறிப்பு), அரை நோட்டுக்கு 138, அதாவது நிமிடத்துக்கு 138 அரை நோட்டு. 1932-35இல் முதன்முதலாக 32ஐயும் பதிவு செய்த ஆர்தர் ஷ்னாபல் அந்த வேகத்தைத் துரத்துகிறார். விரல் இடறுகிறது, நோட்டு சிதறுகிறது, ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை. நாலு முறை கேட்டுவிட்டேன். கடைசி ஃபியூகில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் பகுதி) மூன்றாவது பக்கம் வரை கூடவே போகிறேன், அதற்கு மேல் இடது கை வித்தையும் பலிக்கவில்லை. நேற்று ஆக்டேவ் பட்டனை இறக்கினால் மேலே தட்டுகிறது, ஏற்றினால் கீழே தட்டுகிறது. இந்த ஒரு சொனாட்டாவுக்கு ஆறு ஸ்தாயிக்கு மேல் வேண்டுமாம். கீபோர்டைத் துடைத்து மறுபடி அலமாரியில் ஏற்றிவிட்டேன். பென்சிலும் ஸ்கோரும் மட்டும் மேஜையில்.