அடி எதிரொலியை நம்பி மோசம் போனோம்

தண்டவாளத்தில் வேலை செய்ய ரயில்களை நிறுத்தித் தரும் நேரம், அதாவது பிளாக், எங்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். முதல் நாள் அதில் ஒரு அடிகூட நாங்கள் நகரவில்லை.

நாங்கள் செய்திருப்பது ஒரு மோட்டார் அமைப்பு. இரண்டு தண்டவாளத்துக்குள்ளும் இருக்கும் குறைகளை ஒரே நடையில் ஒலியால் சோதிக்கும் அல்ட்ராசானிக் தள்ளு டிராலியில் அதைப் பொருத்தினால், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் புரோப் தானாகவே தண்டவாளத்தின் நடுக்கோட்டில் நிற்கும். இப்போதெல்லாம் வளைவு வந்தால் ஆபரேட்டர்தான் குனிந்து திருகைத் திருப்பி புரோப்பை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வெயிலில் ஜல்லிமேல் நடந்துகொண்டே, திரையையும் பார்த்துக்கொண்டு, இதையும் செய்வது எவ்வளவு கொடுமை என்று அந்த வேலை பார்த்தவர்களிடம் கேட்டால் தெரியும். அனுமதிக் கடிதமும் பட்டறைச் சோதனையும் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தன.

வேறு தாள் ஏதாவது வேண்டுமா என்று அலுவலகத்தில் மூன்று முறை கேட்டேன். "போதும் போதும், இதே போதும்" என்று ஃபைலை மூடிவிட்டார் அங்கிருந்தவர். களத்தில் சிக்னல் பிரிவு ஊழியர் கேட்ட முதல் கேள்வியே, "இன்சுலேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் எங்க சார்?" என்பதுதான். டிராலி இரண்டு தண்டவாளத்தையும் மின்வழியாக இணைத்துவிட்டால், அங்கே ரயில் நிற்பதாக டிராக் சர்க்யூட் (தண்டவாளத்தில் ரயில் இருக்கிறதா என்று அறியும் மின்சுற்று) எடுத்துக்கொள்ளும், சிக்னல் சிவப்பாகிவிடும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. பழைய டிராலிக்கு ரிப்போர்ட் இருந்தது, மோட்டார் பொருத்திய பிறகு புதிதாக எடுக்கவில்லை. திரும்பிப் போகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே தடையே இல்லை! மோட்டார் சட்டத்துக்காக நாங்கள் போட்ட குறுக்குக் கம்பி, மின்சாரம் கடக்காமல் தடுக்கும் நைலான் புஷ்ஷைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் இணைத்திருந்தது. அலுவலகத்தில் சொன்ன பதில்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் அந்த ஊழியர் விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. டிராலியில் ஒரு போல்ட்டை மாற்றினாலும் இன்சுலேஷனை மறுபடி அளந்துவிடுங்கள்.

இரண்டாவது பயணத்தைத் தண்ணீர் கெடுத்தது. புரோப்புக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் இல்லாவிட்டால் ஒலி உள்ளே இறங்காது. பக்கத்துப் போர்வெல் தண்ணீரை வடிகட்டாமல் டேங்கில் நிரப்பிவிட்டோம். வெயிலில் உப்பு படிந்து இடது பக்க நாசில் பாதி அடைத்துக்கொண்டது. புரோப் காய, எதிரொலி குறைய, "நடுவிலிருந்து விலகிவிட்டோம்" என்று முடிவுகட்டிய மோட்டார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைய ஆரம்பித்தது. தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் பிளாக் முடிந்துவிட்டது. டேங்க் வாயில் இரண்டு மடிப்புத் துணி கட்டுங்கள், நாசிலைக் குத்திவிட ஒரு மெல்லிய ஊசி பையில் இருக்கட்டும். இன்னொன்று: காலைக் குளிரில் செய்த கேலிப்ரேஷனை நம்பி மத்தியான வெயிலில் ஓட்டாதீர்கள். புரோப்பின் அக்ரிலிக் ஆப்பு சூடானால் அதில் ஒலியின் வேகம் குறையும், ஒலி தண்டவாளத்துக்குள் சாய்ந்து இறங்கும் கோணம் 70 டிகிரி என்று நினைத்தால், அது அதற்கு மேலே போய்விடும்.

இந்த இரண்டும் பயண விரயம் மட்டும்தான். மூன்றாவது நாள் கண்ட தவறு அடிப்படையிலேயே இருந்தது.

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 172 மில்லிமீட்டர். நேர்கீழே பார்க்கும் 0 டிகிரி புரோப் அனுப்பும் ஒலி தண்டவாளத்தின் அடிவரை போய் எதிரொலியாகத் திரும்ப (இதுதான் அடி எதிரொலி) ஏறக்குறைய 58 மைக்ரோவினாடி ஆகும். அந்த ஒலி இறங்க வேண்டிய நடுத்தகட்டின், அதாவது வெப்பின், தடிமன் 16.5 மில்லிமீட்டர்தான். நடுவிலிருந்து பக்கத்துக்கு எட்டு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் அடி எதிரொலி போய்விடும். ஆகவே அடி எதிரொலி எங்கே உச்சமோ அங்கே புரோப்பை நிறுத்து என்று மோட்டாருக்குச் சொல்லியிருந்தோம். பட்டறையில் அழகாக வேலை செய்தது.

அன்று கூட வந்த ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) பல வருடம் இந்தக் கருவியோடு நடந்தவர். ஸ்டேஷன் ஓரம் நாங்கள் போட்டிருந்த மாதிரித் துண்டில், வெப்பின் பாதித் தடிமனுக்கு மட்டும் பக்கவாட்டில் துளை போட்டிருந்தோம். டிராலியை மூன்று முறை அதன்மேல் தள்ளினார். அலாரம் வரவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டுத் தள்ளினார், உடனே அலறியது. "தம்பி, உங்க மிஷின் குறையப் பாத்து ஒதுங்கிப் போகுதே" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. அடி எதிரொலி விழுவது 0 டிகிரி புரோப் குறையைக் காட்டும் முக்கியமான வழி. அது விழுந்ததும் எங்கள் மோட்டார் புரோப்பை நான்கு மில்லிமீட்டர் தள்ளி, நல்ல இரும்பு இருக்கும் பக்கம் போய் எதிரொலியை மீட்டுக்கொண்டது. புரோப்புகளைத் தாங்கும் அதே காலணியில் இருக்கும், சாய்வாகப் பார்க்கும் 70 டிகிரி புரோப்புகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போனது. தண்டவாளத் தலையின் உள்விளிம்பைப் பார்க்க வேண்டிய புரோப் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நான்கு பேரைக் கொன்ற தடம்புரள்வு உள்விளிம்பு விரிசல்களால்தான் வந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

எதிரொலியை விட்டு வடிவத்தைப் பிடிப்பது என்று முடிவெடுத்தோம். தண்டவாளத்தின் உள்பக்க முகத்தை லேசரால் அளந்து நடுவைக் கணக்கிட்டோம். வளைவின் வெளித் தண்டவாளத்தில் அந்த முகம்தான் தேய்ந்திருக்கும். எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு கணக்குத் தப்பியது. வெளிப்பக்க முகத்துக்கு மாறினால், வளைவின் உள் தண்டவாளத்தில் இரும்பு அந்தப் பக்கம் பிதுங்கி நிற்கிறது. கடைசியில் லேசரைக் கீழே இறக்கி வெப்பையே பார்க்க வைத்தோம். தேய்மானம் அங்கே சக்கரத்தால் வருவதில்லை. இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் வெப்பை மறைக்கும் இடத்தில் மட்டும் மோட்டார் கடைசி நிலையிலேயே நிற்க வேண்டும். அடி எதிரொலிக்கு இப்போது ஒரே உரிமைதான்: சில மீட்டர் தூரச் சராசரியைப் பார்த்து மெதுவாகத் திருத்தலாம். திடீரென்று விழுந்தால் மோட்டார் அசையவே கூடாது.

இந்த வேலையில் யாராவது இறங்கியிருந்தால் தயவுசெய்து இதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: முழுத் தடிமன் துளை மட்டும் உள்ள டெஸ்ட் பீஸ் இந்தத் தவறைக் காட்டாது. ஒதுங்க இடமில்லாததால் மோட்டார் எங்கே போனாலும் அலாரம் வரும். பாதித் துளைத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும், அதன்மேல் இரண்டு திசையிலும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

நான்காவது முறை அதே ஜேஇ அதே துண்டின்மேல் தள்ளினார். போகும்போதும் வரும்போதும் அலாரம். ஒன்றும் சொல்லாமல் டிராலியை வளைவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். வெளித் தண்டவாளம் நன்றாகத் தேய்ந்த வளைவு அது. முழுக்க நடந்து முடிக்கும்வரை ஒருமுறைகூடக் குனிந்து திருகைத் தொடவில்லை. டிராலி தள்ளிய டிராக்மேன் அண்ணன்தான் முதலில் கவனித்து, "சார் இன்னிக்குக் குனியவே இல்ல" என்றார். அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீராத சிக்கல் இன்னும் இரண்டு உண்டு. வளைவில் லூப்ரிகேட்டர் தடவும் கிரீஸ் லேசர் கண்ணாடியில் தெறிக்கிறது, அடிக்கடி நின்று துடைக்க வேண்டியிருக்கிறது. லெவல் கிராசிங்கில் சாலைத்தளம் வெப்பை முழுக்க மறைப்பதால் கேட்டின் அகலம் முழுவதும் மோட்டார் கண்ணில்லாமல் நிற்கிறது. அந்த இடத்தை இப்போதைக்குப் பழையபடி கையால்தான் பார்க்கிறோம், கேட் வந்தால் திரையில் எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறோம்.