வலை கிழிந்த இடம்

கிருஷ்ணகிரிக்காரன் மூழ்கிய கப்பலைப் பற்றி எழுதினால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் தண்ணீருக்கடியில் கிடப்பதற்கு அவசரமாகப் பெயர் வைக்கக் கூடாது என்று அப்படி ஒரு கப்பல் சொல்லும் பாடம், எனக்கு எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணையில்தான் கிடைத்தது.

வண்டல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்கும் வேலை. 52 அடி அணை. ஒலியை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியால் நீரடியைப் படமாகக் காட்டும் சோனார் கருவியைப் படகின் பின்னால் கட்டி, ஏர் ஓட்டுவது போல் சால் சாலாகப் போய்வர வேண்டும். ஒரு சாலின் ஓரம் அடுத்ததில் விழ வேண்டும்; இடைவெளி விட்டால் அங்கேதான் ஏதாவது கிடக்கும். திரையில் பொருளைவிட, ஒலி எட்டாமல் அதன் பின்னால் விழும் நிழல்தான் அதிகம் பேசும். மூன்றாம் நாள் மதியம், கண் எரிய, ஒரு மேட்டைப் பார்த்துப் 'பாறை' என்று குறித்துவிட்டு நகர்ந்தேன்.

சாயங்காலம் கரையில் பரிசலைக் கவிழ்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் படத்தைக் காட்டினேன்.

"பாறையா? அது கவலைக் கெணறு தம்பி, மாடு கட்டித் தண்ணி எறைக்கற கெணறு. அணை கட்டறதுக்கு முன்னாடி அங்க நெலம். ரெண்டு கல்லு நட்டிருக்கும். அங்க வலை போட்டா கிழிஞ்சிரும்."

மறுபடி பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் நேராக இரண்டு நிழல். பாறைக்கு ஏது அப்படி நிழல்?

அவரிடம் யொங்காலா கதையைச் சொன்னேன். ஆஸ்திரேலியக் கரையோரம் ஓடிய நீராவிக் கப்பல். 1911 மார்ச்சில் டவுன்ஸ்வில் போகும் வழியில் புயலில் சிக்கி, 122 பேரோடு காணாமல் போனது. புயல் எச்சரிக்கையைச் சொல்லக் கப்பலில் வயர்லெஸ் இல்லை. கரை ஒதுங்கிய ஒரே உடல், அதில் ஏற்றிப்போன பந்தயக் குதிரையுடையது. 1943இல் கண்ணிவெடி அகற்றும் கப்பல் ஒன்று அடியில் எதிலோ சிக்கியது. மணல்திட்டு என்று எழுதி வைத்தார்கள். 1947இல் சோதித்த கடற்படைக் கப்பல், நீராவிக் கப்பலாக இருக்கலாம் என்றது. அதோடு சரி. 1958இல்தான் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். மேலே கொண்டுவந்த இரும்புப் பெட்டிக்குள் வெறும் சேறு. பெட்டியில் பாதி அழிந்திருந்த எண்தான் கப்பலின் பெயரைச் சொன்னது.

"பதினஞ்சு வருசமா?" என்றார் பெரியவர். "எங்க கதையும் அதான். கிழிஞ்ச எடம் எங்களுக்குத் தெரியும், யாரு கேக்கறா?"

மறுநாள் அவரையே படகில் ஏற்றிக்கொண்டோம். ஏழு இடம் காட்டினார். நான்கில் இரட்டை நிழல். அவர் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்றுதான் ஆபீசில் ஒரு வாரம் இழுத்தது.