மெக்னீசியக் கைப்பிடி: ஓவனில் 24 மணி நேரம்

சிங்கப்பூரின் பெடோக் ஜெட்டிக்கு மீன்பிடிக்க எடுத்துப்போகும் தூண்டில் ரீலுக்கு மெக்னீசியத்தில் கைப்பிடி செய்யும் வேலை மூன்றாவது வாரத்தைத் தொட்டிருக்கிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மெக்னீசியம் 1.74தான். அந்த ஆசையில் இறங்கியது.

முதலில் வாங்கியது ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலவைத் தகடு. அலுமினியம் 3, துத்தநாகம் 1 சதவீதம். சூட்டில் கடினமாக்கலாம் என்று ரொட்டி வாட்டும் சின்ன ஓவனில் ஒரு நாள் முழுக்க வைத்தும் கடினம் துளியும் ஏறவில்லை. கலந்திருக்கும் உலோகம் சூட்டில் நுண்துகள்களாகப் பிரிந்து வந்தால்தான் கடினம் ஏறும். இதில் அதற்கான சரக்கே போதாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

9 சதவீத அலுமினியம் உள்ள ஏஇசட்91-இல் சரக்கு உண்டு. ஆனால் முதலில் 413 டிகிரியில் 16 மணி நேரத்துக்கு மேல் வைத்து அலுமினியத்தை மெக்னீசியத்துக்குள் கரைக்க வேண்டும், தீப்பிடிக்காமல் காக்க வாயு வேண்டும். அவசரமாகச் சூடேற்றினால் உள்ளே அங்கங்கே உருகியும் போகும். எச்டிபி அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நடக்கிற காரியமா அது?

அப்புறம்தான் இசட்கே60 என்ற இன்னொரு கலவையின் தண்டு. துத்தநாகம் ஆறு சதவீதத்தை ஒட்டி, சிர்கோனியம் அரை சதவீதம். சிர்கோனியம் உலோகத்தின் படிக மணிகளைப் பொடிசாக்கும். அலுமினியம் இருந்தால் அதனோடு சேர்ந்துகொண்டு வேலை செய்யாது. சூடாக அச்சு வழியே தள்ளி எடுத்த தண்டு என்பதால் துத்தநாகத்தின் பெரும்பகுதி மெக்னீசியத்தில் கரைந்தபடியே இருக்கும். இதற்கு 150 டிகிரி, 24 மணி நேரம் போதும். துத்தநாகம் மெல்லிய குச்சிகளாகப் பிரிந்து, படிக அடுக்குகள் வழுக்காதபடி குறுக்கே நிற்கும்.

ஓவன் குமிழில் 150 வைத்தால், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் 135-க்கும் 170-க்கும் இடையே ஊஞ்சலாடியது. ஒரு தடித்த இரும்புக் கட்டையை உள்ளே வைத்ததும் அடங்கியது. "ஏங்க, பியூபி பில்லை யார் கட்டுறது?" என்று கரண்ட் செலவைக் கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான்.

கடினமானி வாங்க வசதியில்லை. பேரிங்கிலிருந்து எடுத்த 5 மி.மீ. குண்டு ஒன்றை, ஓவனில் பதம் செய்த துண்டுக்கும் செய்யாத துண்டுக்கும் நடுவில் வைத்து வைஸில் இறுக்கினேன். குழிகளை வெர்னியரில் அளந்தால் செய்யாததில் 2.1 மி.மீ., செய்ததில் 2.0. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் மூன்று தடவையும் அதே பக்கம்தான் குழி சிறியது.

கடைசல் வேலை காக்கி புக்கிட்டில் தெரிந்த அண்ணன் ஒருவரின் வொர்க்‌ஷாப்பில். சீவல்களை மூடிய டின்னில் போட்டு, பக்கத்தில் காய்ந்த மணல் வாளி வைத்திருந்தார். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் எரியும்.

சனிக்கிழமை ஜெட்டியில் பிடித்துப் பார்த்தேன், கையில் இருப்பதே தெரியவில்லை. ஞாயிறு காலை பார்த்தால் ஸ்டெயின்லெஸ் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் ஒட்டியிருந்தால் மெக்னீசியம்தான் அரிக்கும், ஓவன் பதம் அதற்கு மருந்தில்லை. அடுத்த வாரம் நைலான் வாஷர் போட்டுப் பார்க்கிறேன்.