தூரினுக்கு நான் தராத ஒரே மன்னிப்பு

போன வாரம் தம்பி போன் செய்து ஒரு மணி நேரம் தூரினுக்காக வாதாடினான். "அக்கா, அவன் என்னதான் பண்ணுவான்? எல்லாம் அந்தச் சாபம்தானே" என்பதுதான் திரும்பத் திரும்ப அவன் சொன்னது. டோல்கீனின் 'தி சில்ட்ரன் ஆஃப் ஹூரின்' நாவலைப் படித்த பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவே இல்லை.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டோல்கீன் இந்தக் கதையை முதல் உலகப் போர் முடிகிற காலத்திலேயே எழுத ஆரம்பித்து, மாற்றி மாற்றி எழுதி, கடைசிவரை முழு வடிவம் தராமலே 1973-இல் இறந்துபோனார். அவர் மகன் கிறிஸ்டோபர் கைப்பிரதிகளைத் தொகுத்து 2007-இல் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஹூரின் என்ற வீரன், தீமையின் தலைவனான மோர்கோத்திடம் சிறைப்பட்டும் பணிய மறுக்கிறான். அதற்காக அவன் குடும்பத்தையே சபிக்கிறான் மோர்கோத். அந்த ஹூரினின் மகன்தான் தூரின்.

சாபம் உண்மைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தூரின் செய்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே எடை இல்லை. தன்னை விடுவிக்க வந்த நண்பன் பெலெக்கை அவன் கொன்றது இருட்டில். மோர்கோத்தின் படையான ஓர்க்குகள் அடித்துப் போட்டிருந்த நிலையில், கட்டை அறுத்த வாள் காலில் கீறியதும், எதிரி என்று நினைத்துப் பாய்கிறான். இருட்டில், வலியில், அரை மயக்கத்தில் நடந்த அதை நான் அவன் கணக்கில் எழுத மாட்டேன். நீனியலை மணந்ததும் அப்படித்தான், அவள் தன் தங்கை என்று தெரியாது, அவளுக்கும் நினைவு போயிருந்தது.

அவன் தங்கியிருந்த நார்கோத்ரோண்ட் நகரத்து விஷயம் வேறு. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டச் சொன்னது அவன் யோசனை. அதை இடித்துவிடுங்கள், வாசலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று கடல் தேவன் உல்மோவிடமிருந்தே எச்சரிக்கை வந்தபோதும் அவன் கேட்கவில்லை. அந்தப் பாலத்தின் வழியாகத்தான் கிளாவ்ருங் என்ற டிராகன் உள்ளே வந்தது, நகரமே அழிந்தது. இதில் பாதி சாபம், பாதி தலைக்கனம். உன்னை வளர்த்த டோரியாத் மன்னன் மன்னித்துவிட்டான், வா போகலாம் என்று பெலெக் தேடி வந்து கூப்பிட்டபோதும் போகாமல் இருந்ததும் அதே தலைக்கனம்தான். சரி, இளம் வயது, ரோஷம் என்று இதையெல்லாம்கூட விட்டுவிடலாம்.

பிராண்டிரை எப்படி விடுவது?

பிரெத்தில் காட்டு மக்களின் தலைவன் பிராண்டிர். கால் ஊனம், சண்டைக்குப் போக முடியாது, மருந்து தெரியும். குற்றுயிராக வந்த தூரினைக் குணப்படுத்தியவன் அவன். நீனியலை அவனும் விரும்பினான், அந்தப் பொறாமை அவனுக்குள் இருந்தது, அவன் ஒன்றும் புனிதன் இல்லை. ஆனாலும் நீனியல் தூரினின் தங்கை என்று டிராகன் சாகும்போது சொன்னதைக் கேட்டு, நீனியல் ஆற்றில் குதித்ததைக் கண்ணால் பார்த்து, அந்த உண்மையைத் தூரின் முகத்துக்கு நேராகச் சொன்னவன் அவன்தான். தூரின் அவனைப் பொய்யன் என்கிறான், அவன் காலைச் சொல்லி இழித்துப் பேசுகிறான், வாளை உருவுகிறான். தன் சாவு அந்தக் கண்களில் தெரிந்தும் பிராண்டிர் நகராமல் நிற்கிறான். அவன் கையில் ஆயுதம் என்று இருந்தது ஊன்றுகோல் மட்டும்.

இங்கே இருட்டு இல்லை, மயக்கம் இல்லை, டிராகன் செத்தாயிற்று, சுற்றி ஊர் ஜனம் நிற்கிறது. சொன்னது உண்மையா என்று விசாரிக்க ஒரு நாள் பொறுத்திருந்தால் போதும்.

இந்த இடம் வரும்போதெல்லாம் நான் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகிறேன். அங்கே சாடோர் என்று ஒரு வேலைக்காரர் இருக்கிறார், கோடாலியால் தன் காலையே வெட்டிக்கொண்டு நொண்டுபவர். சின்னப் பையன் தூரின் அவருக்கு லபடால் என்று பட்டப்பெயர் வைக்கிறான், நொண்டி நடப்பவர் என்று அர்த்தம். அவர் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் அந்தப் பெயரில் ஏளனம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. எட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா தந்த அழகான கத்தியை அவன் அவருக்கே கொடுத்துவிடுகிறான். அம்மா கேட்கும்போது, சாடோரைப் பிடிக்கும், பாவமாக இருக்கிறது என்கிறான். அன்பு, இரக்கம், கத்தி மூன்றுமே நீ கொடுத்ததுதான், அதில் கத்திதான் ரொம்பச் சின்னது என்று ஹூரின் மகனைப் பார்த்துச் சொல்கிற அந்த வரி வரும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

அந்தப் பையன்தான் பிராண்டிரை வெட்டினான். ஊனமுள்ள ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவனுக்கு எட்டு வயதிலேயே தெரியும், யாரும் சொல்லித்தரத் தேவையில்லாமலே தெரியும். அதனால்தான் சாபத்தைக் காட்டி இதை ஆற்றிக்கொள்ள என்னால் முடியவில்லை. அவனை நான் வெறுக்கவில்லை, டோல்கீன் எழுதியவர்களில் எனக்கு மிக நெருக்கமானவன் அவன்தான். நேசிக்கிறேன் என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுத மாட்டேன், அவ்வளவுதான்.

தம்பிக்கு நான் காட்டியது கடைசிப் பக்கங்களை. தூரின் தன் வாளிடம், என்னைக் கொல்வாயா என்று கேட்கிறான், வாள் பதில் சொல்கிறது. இது பின்லாந்தின் கலேவாலா காவியத்தில் குல்லெர்வோ கதையிலிருந்து வந்தது. அங்கே வாள் குற்றமற்றவர்களின் ரத்தம் குடித்ததாகப் பொதுவாகச் சொல்லும், யார் பெயரும் வராது. டோல்கீன் இரண்டு பெயர்களை வைத்தார். பெலெக்கைச் சொல்லும்போது அந்த வாள் 'என் எஜமான்' என்கிறது. பிராண்டிரைச் சொல்லும்போது மட்டும்தான் 'அநியாயமாக' என்ற வார்த்தை வருகிறது.

தம்பி அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், சாடோர் கடைசியில் என்ன ஆனார் என்று கேட்டான். பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிய தூரின் கோபத்தில் கிளப்பிய சண்டையில், அவரும்தான் செத்துப்போனார்.