ஆட்டெலும்பில் ஒரு மஞ்சு விளையாட்டு: கச்சுஹா பழகிய அனுபவம்

சீனாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான மஞ்சு மக்களின் வில்வித்தைக்கும் மல்யுத்தத்துக்கும் களமும் துணையும் வேண்டும். கச்சுஹா என்னும் அவர்களது எலும்பு விளையாட்டுக்கோ நான்கு எலும்புகளும் ஒரு சிறு துணிப்பையும் போதும் என்பதால் அதையே பழக எடுத்துக்கொண்டேன். சீனாவின் வடகிழக்கு மாகாணங்களில், அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் ‘காங்’ என்னும் திண்ணையின் மேல் அமர்ந்து, நீண்ட குளிர்காலத்தில் பெண்களும் சிறுவர் சிறுமியரும் ஆடிவந்த ஆட்டம் இது. அப்பகுதியில் சீனம் பேசுவோர் இதைக் கலாஹா என்கிறார்கள்.

பின்னங்காலின் கணு மூட்டுக்குள் இருக்கும் ஒற்றை எலும்புதான் இதற்கு வேண்டும். ஓர் ஆட்டில் இரண்டே கிடைக்கும் என்பதால், காலைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டித் தரும்படி கறிக்கடையில் சொல்லிவைத்து இரண்டு ஆடுகளிலிருந்து நான்கைச் சேர்த்தேன். வேட்டை வாழ்வின் தொடர்ச்சியாக மஞ்சுக்கள் மான் எலும்பையும், அதோடு பன்றி, செம்மறி எலும்புகளையும் பயன்படுத்தினார்கள். வேகவைத்த பிறகும் பள்ளங்களில் ஒட்டியிருந்த நாரைச் சிறு கத்தியால் சுரண்டி, சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தியபோதுதான் பிசுக்கு நீங்கியது. அங்குள்ள வழக்கப்படி சிவப்புச் சாயமும் ஏற்றினேன். சாயம் பள்ளங்களில் அடர்ந்தும் மேடுகளில் வெளிறியும் பிடித்ததால் பக்கங்களை ஒரு பார்வையிலேயே பிரித்தறிய முடிந்தது, எதிர்பாராத வசதி.

எலும்புக்கு நான்கு பக்கங்கள் உண்டு: குழிந்த அகலப் பக்கம், புடைத்த அகலப் பக்கம், குறுகிய இரண்டு. தூவினால் பெரும்பாலும் அகலப் பக்கங்களே மேலே வரும். பையை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் ஓர் எலும்பை வேண்டிய பக்கத்துக்குத் திருப்பி, அதே கையால் பையைப் பிடிக்க வேண்டும். நான்கும் ஒரே பக்கம் காட்டியதும், அடுத்த எறிதலில் அனைத்தையும் ஒரே பிடியில் அள்ளிக்கொண்டு பையையும் பிடித்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அஞ்சாங்கல் ஆடிய கைக்கு எறிதலும் அள்ளுதலும் புதிதல்ல. திருப்புதல்தான் முற்றிலும் வேறு வேலை.

உண்மையில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பைதான் என்று நினைக்கிறேன். ஆறு சதுரத் துணிகளைக் கனசதுரமாகத் தைத்து, முதலில் அரிசியை நிறைய அடைத்தேன். இறுகிய பை உள்ளங்கையில் பட்டுத் தெறித்தது. பாதியளவு பச்சைப்பயறு போட்டுத் தளர்வாகத் தைத்தபோது விழுந்த இடத்திலேயே படிந்தது. தரையும் முக்கியம்: வெறும் தரையில் எலும்பு உருண்டோடுகிறது, மெத்தையிலோ புதைந்துவிடுகிறது, மடித்த போர்வையே சரியாக இருந்தது. உயரமாக எறிந்தால் நேரம் கிடைக்கும் என்று தோன்றினாலும், பை விலகிப் போவதால், கண்மட்டத்துக்குச் சற்று மேலே எறிந்து, எலும்பை விரலால் தடவியே திருப்புவதுதான் பலன் தந்தது.

இரு அகலப் பக்கங்களும் இப்போது தடையின்றி வருகின்றன. குறுகிய பக்கத்தில் மூன்றை நிறுத்திவிட்டு நான்காவதைத் தொடும்போது, விரல் உரசி அருகிலுள்ளது சாய்ந்துவிடுகிறது. எலும்புகள் விலகி விழும்படி அகலமாகத் தூவினால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பிறகு அவற்றை ஒரே பிடியில் அள்ள முடிவதில்லை. இரண்டுக்கும் இசைவான இடைவெளியில் தூவுவதைத்தான் இப்போது பழகிவருகிறேன்.