சாபக் கணவாயும் எழுபது யூரோவும்

வட கிரீஸில் மெட்சோவோ என்ற ஊரிலிருந்து கலம்பாகா என்ற ஊருக்கு, சைக்கிளோடு ஒரு பிக்கப் வண்டியில் வந்ததற்கு நேற்று எழுபது யூரோ அழுதேன். என் இரண்டு நாள் செலவுக் காசு. வண்டிக்காரன் முதலில் தொண்ணூறு கேட்டான். சைக்கிளுக்குத் தனி, பைகளுக்குத் தனியாம். ஈரக் கையுறையைப் பிழிந்துகொண்டே பேரம் பேசுகிறவனை யார் மதிப்பார்கள்?  

நவம்பர் கடைசியில் வட கிரீஸில் சைக்கிள் ஓட்டலாம் என்பது என் யோசனைதான். டிக்கெட் மலிவு, கூட்டமும் இருக்காது. கூட்டம் ஏன் இல்லை என்பது வந்த பிறகுதான் புரிந்தது. அயோனியன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பிண்டஸ் மலையில் மோதி, மழையையெல்லாம் மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைய, தேனிக்கு வெறும் காற்று வருமே, அதே கதை. நான் ஓட்டியது நனைகிற பக்கம். இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பல், கிரேக்கக் கரையில் இகுமெனிட்சா, அங்கிருந்து அயோனினாவுக்கு இரண்டு நாள். மழை, மழை, ஒரு பஞ்சர், மறுபடி மழை.

அயோனினா ஏரிக்கரையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. ஈரமும் மணலும் சேர்ந்து ரிம்மில் உரசினால் கட்டை கற்பூரம் மாதிரி கரையும். கடையில் இரண்டு ஜோடி 18 யூரோ என்றார்கள். ஊருக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நடையைக் கட்டினேன்.

மறுநாள் மெட்சோவோ ஏற்றத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. உள்ளே விறகு அடுப்பு. கடைக்காரப் பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றச் சொல்லி சைகை காட்டினார். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து அடுப்போரம் வைத்தார். அப்புறம் பசோலாடா வந்தது: வெள்ளை மொச்சை மாதிரி பீன்ஸ், கேரட், தக்காளி, மேலே மிதக்கும் ஆலிவ் எண்ணெய். தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். ரொட்டி, ஃபெட்டா பாலாடைக்கட்டி எல்லாம் சேர்த்து எட்டு யூரோ. இந்தப் பயணத்தில் நான் மனதாரக் கொடுத்த ஒரே காசு அதுதான்.

மெட்சோவோ கல்வீடுகளும் புகையூட்டிய மெட்சோவோனே பாலாடைக்கட்டியும் உள்ள மலையூர். அழகுதான், ஆனால் ஐந்தேகாலுக்கே இருட்டிவிட்டது. காலையில் கட்டாரா கணவாய்க்கு ஏறினேன். உயரம் சுமார் 1,700 மீட்டர். கட்டாரா என்றால் கிரேக்கத்தில் சாபம். பெயர் வைத்தவன் நவம்பரில் போயிருப்பான். 2009இல் எக்னாட்டியா நெடுஞ்சாலை முழுதாகத் திறந்த பிறகு வண்டிகளெல்லாம் சுரங்கப்பாதை வழியே பறக்கின்றன. அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய சாலையில் நானும், இரண்டு ஆட்டுக்காவல் நாய்களும்தான். நாய் துரத்தினால் மிதிக்கக் கூடாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, கல் எடுக்கக் குனிகிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். நம்மூர்த் தெருவில் கற்ற வித்தை அங்கேயும் பலித்தது.

மேலே பனிமூட்டம், காலடியில் நொறுங்கும் பனி. இறக்கத்தின் முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினேன். கிரீச் என்று இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. ஓரத்து மண்மேட்டில் ஏற்றித்தான் நின்றேன். விரல்கள் விறைத்து, லீவரைப் பிடித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை. திரும்பி மெட்சோவோவுக்கே தள்ளிக்கொண்டு நடந்தேன். மீதிக் கதை மேலே சொன்ன எழுபது யூரோ.

சுரங்கங்களைத் தாண்டி கிழக்கே வந்தால் வெயில்! வானத்தில் ஒரு மேகம் இல்லை. கலம்பாகாவுக்கு மேலே மீட்டியோரா பாறைகளின் உச்சியில் மடங்கள் உட்கார்ந்திருக்கின்றன; இன்றும் ஆறில் துறவிகள் இருக்கிறார்கள். ஜன்னலில் ஷூவைக் காயப்போட்டுவிட்டு செருப்போடு சைக்கிள் கடையைத் தேடிப் போனேன். அதே பிரேக் கட்டை இங்கே 22 யூரோ. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன்.